நார்வே: சைபீரியாவுக்கு நேராக இருந்தும் ஏன் உறைந்து போகவில்லை?

தாமிரபரணிக்கரை
தங்கச்சிக்கு நார்வேயில் டிரோம்சோ என்ற ஊரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மாவைத் தவிர. என் மகனுடைய அட்லஸை விரித்து, டிரோம்சோவில் விரலை வைத்து அப்படியே வலப்பக்கம் ஓட்டினார். விரல் சைபீரியாவில் போய் நின்றது. "இங்கதானே மைனஸ் அம்பதுன்னு டிவியில காட்டினான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஊர் 69.6 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, ஆர்க்டிக் வட்டத்துக்கும் 350 கிலோமீட்டர் வடக்கே. ஆனால் இணையத்தில் பார்த்தால் ஜனவரி சராசரி மைனஸ் 3, 4 என்றுதான் போட்டிருக்கிறது. இது எப்படி? அங்கே இருப்பவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாட்டைப் பற்றிப் பொதுவாகவும் சொன்னால் நல்லது. எனக்கு ஃபியோர்டு என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் தெரியாது.

உலகம்சுற்றி
வாழ்த்துகள். நான் போன வருடம் ஏழு நாள் டூர் போய் வந்தேன். அருமையான நாடு, பர்ஸ்தான் தாங்காது. ஐரோப்பாவின் வடகோடி முனையான நார்ட்காப்பில் நின்று போட்டோ எடுத்தேன். குளிர்காலத்தில் அங்கே ஆறு மாதம் இருட்டு, ஆறு மாதம் வெளிச்சம். தங்கச்சியை மனத்தளவில் தயார் செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை
இரண்டு திருத்தங்கள். ஆறு மாத இருட்டு வடதுருவத்துக்கு மட்டும்தான். டிரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 15 வாக்கில் திரும்பி வரும். ஏழு வாரம்தான். அந்த ஏழு வாரத்திலும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் விடியற்காலை மாதிரி ஒரு நீல வெளிச்சம் இருக்கும். கோடையில் மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை.

இரண்டாவது, நார்ட்காப் வடகோடி இல்லை. அதே தீவில் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் க்னிவ்ஷெல்லோடன் முனை அதைவிட ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. தவிர இரண்டுமே மாகெரோயா என்ற தீவில் இருப்பவை. பெருநிலத்தின் வடகோடி வேண்டுமென்றால் கின்னாரோடன் போக வேண்டும், அதற்கு ரோடே கிடையாது. நார்ட்காப்புக்குப் பஸ் போகிறது, அதனால் அதற்குப் பட்டம் கிடைத்துவிட்டது.

உலகம்சுற்றி
ஐயா, அந்தப் போட்டோவை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். இப்படி ஒரே பதிவில் காலி செய்துவிட்டீர்களே.

காற்றழுத்தம்
அம்மா விரலை ஓட்டிய முறையில் தப்பில்லை, கிடைத்த விடைதான் தப்பு. இன்னும் பொருத்தமான ஜோடி சொல்கிறேன். நார்வேயில் போடோ என்ற ஊர், 67.3 டிகிரி வடக்கு. சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க், 67.5 டிகிரி. அட்சரேகையில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். வெர்கோயான்ஸ்கின் ஜனவரி சராசரி மைனஸ் 45ஐ ஒட்டி. போடோவில் பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி கீழே, அவ்வளவுதான். ஒரே அளவு வெயில் விழும் இரண்டு ஊர்களுக்கு நடுவே நாற்பது டிகிரிக்கு மேல் இடைவெளி.

காரணம் கடல். அமெரிக்கக் கரையை விட்டு விலகும் வளைகுடா நீரோட்டத்தின் தொடர்ச்சி வட அட்லாண்டிக் நீரோட்டமாக வடகிழக்கே வருகிறது. அதன் ஒரு கிளை நார்வே கரையை ஒட்டி பேரன்ட்ஸ் கடல் வரை மேலே ஏறுகிறது. குளிர்காலம் முழுவதும் அந்தக் கரையில் கடல் உறைவதில்லை. அதன் மேல் தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் பூனை மாதிரி நாடு.

தாமிரபரணிக்கரை
அந்தப் பூனை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "பானை ஆறிப்போனா?" என்கிறார்.

மழைக்கோட்டு
அம்மா பெரிய ஆள். அந்தக் கேள்விக்குத் தனியாக வரலாம். நான் பெர்கனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் கோயம்புத்தூர்.

இந்த நாட்டில் வடக்கா தெற்கா என்று பார்த்துக் குளிரைக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். கடலிலிருந்து எவ்வளவு உள்ளே என்று பாருங்கள். டிரோம்சோவுக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது தலைநகர் ஆஸ்லோ. இரண்டுக்கும் ஜனவரி சராசரி கிட்டத்தட்ட ஒன்றுதான். ரோரோஸ் என்று ஒரு பழைய செப்புச் சுரங்க ஊர், டிரோம்சோவுக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தெற்கே, ஆனால் மலைக்குள்ளே உயரத்தில் இருக்கிறது. அங்கே மைனஸ் 50 பதிவாகியிருக்கிறது. டிரோம்சோவில் மைனஸ் 15 வந்தாலே ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

மழையும் அப்படியே. மேற்குக் கரையில் மலை சுவர் மாதிரி நிற்கிறது. ஈரக்காற்று அதில் மோதி எல்லாவற்றையும் எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகிறது. பெர்கனில் வருடத்துக்கு 2,200 மி.மீ.க்கு மேல். சென்னைக்கு 1,400 மி.மீ. என்பார்கள், ஆனால் அது சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் நச்நச்சென்று தூறிக்கொண்டே இருக்கும். 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 2007 ஜனவரியில்தான் ஒரு நாள் விட்டது, தொடர்ந்து 85 நாள். நான் வருவதற்கு முந்தைய கதை. ஆனால் அதை அனுபவித்தவர்கள் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் மாதிரிதான் சொல்வார்கள்.

அதே மலைக்கு அந்தப் பக்கம் ஷோக், லோம் என்று ஊர்கள். அங்கே வருடத்துக்கு 300 மி.மீ. கூடத் தேறாது. பல நூறு வருடமாக மலையிலிருந்து மரக்கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்துதான் விவசாயம். நார்வேயில் பாசன வாய்க்காலா என்று நானும் முதலில் நம்பவில்லை.

தாமிரபரணிக்கரை
இது எங்களுக்கு நன்றாகவே புரிகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டையில் காற்று மட்டும்தான் வரும்.

வடகடலான்
நான் யாழ்ப்பாணம். 1988இல் நோர்வேக்கு வந்தவன், இப்போது ஒஸ்லோவில். நீங்கள் எல்லோரும் நார்வே, ஆஸ்லோ என்று எழுதுகிறீர்கள். நாங்கள் நோர்வே, ஒஸ்லோ. சண்டை வேண்டாம். இந்த நாட்டுக்காரர்களே தங்கள் நாட்டுப் பெயரை இரண்டு விதமாக எழுதுகிறார்கள், பூக்மோல் என்ற எழுத்து மொழியில் நோர்கெ, நீனொர்ஸ்க்கில் நோரெக். இரண்டும் சட்டப்படி சரி. வடக்கே சாமி என்ற பழங்குடி மக்களின் மொழி வேறு.

தங்கச்சியின் குளிர் பற்றி நான் சொல்லலாம். எங்கள் ஆட்கள் கனபேர் அப்போது வடக்கே பின்மார்க் மாகாணத்தில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். நானும் நாலு வருஷம் பேரன்ட்ஸ் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் மீன் வெட்டினேன். கரையில் வெப்பமானி மைனஸ் 5, 6தான் காட்டும். ஆனால் காற்று! மரமே இல்லாத நிலம், காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு இருநூறு மீட்டர் நடப்பதற்குள் கண்ணிமையில் பனி ஒட்டிவிடும். அதே மாகாணத்தில் உள்ளே கராஷோக் என்ற சாமி ஊருக்கு ஒருமுறை போனேன். மைனஸ் 35. காற்று என்பதே இல்லை, புகைபோக்கியிலிருந்து புகை நூல் பிடித்தது போல நேராக மேலே போகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், கரையைவிட அங்கே நிற்க லேசாக இருந்தது. நாட்டிலேயே ஆகக் குறைந்த வெப்பநிலை பதிவானதும் அங்கேதான், 1886 ஜனவரி 1இல் மைனஸ் 51.4. கோடையில் அதே ஊரில் 30 டிகிரியும் அடிக்கும், நுளம்போடு (உங்கள் ஊரில் கொசு).

ஆகவே அம்மாவிட்டச் சொல்லுங்கோ, டிரோம்சோவில் பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, வழுக்கலுக்கு. பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஊர். பகலில் உருகும், இரவில் கண்ணாடியாக இறுகும், அதன் மேல் மழை பெய்யும். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள்ளை இங்கே புரொடர் என்பார்கள். வந்த முதல் கிழமையே வாங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தடித்த கம்பளிக் கோட்டு கொண்டுவர வேண்டாம், இங்கே ஒருவரும் அதைப் போடுவதில்லை. உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஒன்று.

உலகம்சுற்றி
"மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான்" என்று கைடு சொன்னார்.

மழைக்கோட்டு
அதை ஒரு நாளைக்கு மூன்று பேர் சொல்வார்கள். 85 நாள் மழையில் நின்றுகொண்டு சொன்னால்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

நுண்ணோக்கி
ஒரு மாற்றுக் கருத்து. வளைகுடா நீரோட்டம்தான் ஐரோப்பாவைச் சூடாக்குகிறது என்பது பள்ளிக்கூடக் கதை. 2002இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் சீகரும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்டார்கள். கடல் கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெதுவாக விடுகிறது. காற்று மேற்கிலிருந்து வருவதால் அந்த வெப்பம் ஐரோப்பாவுக்குக் கிடைக்கிறது. அதற்கு நீரோட்டமே தேவையில்லை. போதாததற்கு அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் காற்றோட்டத்தை வளைத்து, ஐரோப்பாவின் பக்கம் தெற்கத்திக் காற்றை அனுப்புகிறது. நீரோட்டம் பெரிதாகத் தேவைப்படாத கனடாவின் மேற்குக்கரை வான்கூவரும் இதமாகத்தானே இருக்கிறது?

காற்றழுத்தம்
எதிர்பார்த்தேன், யாராவது இதைக் கொண்டு வருவார்கள் என்று. அந்த ஆய்வு சொல்வது பிரிட்டன், பிரான்ஸ் மாதிரி இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வான்கூவர் 49 டிகிரி. நாம் பேசுவது 70 டிகிரியைப் பற்றி. அங்கே கேள்வியே வேறு: கடல் உறையுமா, உறையாதா? உறைந்த கடல் நிலத்துக்குச் சமம், மேலே வீசும் காற்றுக்கு வெப்பம் கொடுக்காது. நார்வே கடலில் பனிப்பாளம் கட்டாமல் வைத்திருப்பது நீரோட்டம் கொண்டுவரும் வெப்பம். சீகர் குழுவின் ஆய்விலேயே தூர வடக்கில் நீரோட்டத்துக்குப் பங்கு இருப்பதாகத்தான் வருகிறது.

நுண்ணோக்கி
அதை மறுக்கவில்லை. ஆனால் "பானை" மட்டும் போதாது, பூனை பக்கம் ஆவியைத் தள்ளிவிடக் காற்றும் வேண்டும் என்கிறேன். கிழக்கிலிருந்து காற்று திரும்பினால் என்ன ஆகிறது? ஆஸ்லோவில் இருப்பவரைக் கேளுங்கள்.

வடகடலான்
சரியாகச் சொன்னீர்கள். ரஷ்யப் பக்கத்திலிருந்து உயரழுத்தம் வந்து உட்கார்ந்தால் ஒஸ்லோவிலும் மைனஸ் 20. ஃபியோர்டின், அதாவது நிலத்துக்குள் நீண்டு வரும் கடலின், உட்புறம் ஐஸ் பிடித்துவிடும்.

காற்றழுத்தம்
சரி, காற்றுக்குப் பாதி மார்க் தருகிறேன். அம்மாவின் "ஆறிப்போனா" கேள்விக்கு: நீரோட்டம் பெருமளவு பலவீனமானால் முதலில் அடி வாங்குவது வடக்கு நார்வேதான், கடல் பனி தெற்கே இறங்கி வரும். எப்போது, நடக்குமா என்பதில் விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை. தங்கச்சி பட்டம் வாங்கித் திரும்பும் வரை பானை சூடாகத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை
நாட்டைப் பற்றிப் பொதுவாகக் கேட்டிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பரப்பு, ஆர்க்டிக் தீவுகளை விட்டுவிட்டால், ஏறக்குறைய 3,24,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு. மக்கள் 56 லட்சம். விவசாய நிலம் மூன்று சதவீதம்தான், மீதியெல்லாம் மலை, காடு, ஏரி, பாறை. உயர்ந்த சிகரம் கால்ட்ஹோப்பிகென், 2,469 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டாவைவிடக் கட்டை. நாடு நீளவாக்கில் 1,700 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் டீஸ்ஃபியோர்டு பக்கம் ஒரு இடத்தில் கடல்நீருக்கும் ஸ்வீடன் எல்லைக்கும் நடுவே 6.3 கிலோமீட்டர்தான். காலையில் நடந்தே நாட்டைக் குறுக்காகக் கடந்துவிடலாம்.

இன்னொன்று, நாடு வடக்கே போகப் போகக் கிழக்கே வளைகிறது. வார்டோ என்ற நார்வே ஊர் இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் மாட்ரிட் நேரம். நார்வே, பின்லாந்து, ரஷ்யா எல்லைகள் சேரும் புள்ளியில் மூன்று நேர மண்டலமும் சேர்கின்றன.

அரசியல் ஒரு வரியில்: 1814 மே 17 அரசியல் சாசனம், 1905இல் ஸ்வீடனிடமிருந்து பிரிவு, மன்னர் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 1972, 1994 இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள், பணம் குரோனர்.

மழைக்கோட்டு
ஃபியோர்டு பற்றி நான். பலரும் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு என்று நினைக்கிறார்கள். பனியாறு தோண்டியது. சோக்ன ஃபியோர்டு 205 கிலோமீட்டர் உள்ளே போகிறது, ஆழம் 1,308 மீட்டர். ஆனால் கடலில் சேரும் வாசலில் ஆழம் 200 மீட்டர் கூட இல்லை. உள்ளே பனி கனமாக இருந்து ஆழமாகச் சுரண்டியது. கரைக்கு வந்ததும் மெலிந்து, மிதந்து, சுரண்ட பலமில்லாமல் விட்டுவிட்டது. ஆறு வெட்டியிருந்தால் வாசல்தானே ஆழமாக இருக்கும்? எனக்கு இதைச் சொன்னவர் ஃபெரியில் பக்கத்தில் உட்கார்ந்து வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி.

அழகுக்குப் பின்னால் ஆபத்தும் உண்டு. 1934இல் தாஃபியோர்டில் மலைப்பாறை ஒன்று சரிந்து தண்ணீரில் விழ, எழுந்த அலையில் 40 பேர் இறந்தார்கள். கெய்ராங்கர் பக்கத்தில் ஓகர்னெசெத் மலைச்சரிவு இன்றும் மெதுவாக நகர்கிறது, கருவிகள் வைத்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கில் வேறு தொல்லை. பனியுகம் முடிந்து பனியின் பாரம் நீங்கியதும் நிலம் மேலே எழுந்தது, அதோடு கடலடிக் களிமண்ணும் மேலே வந்துவிட்டது. மழைநீர் அதிலிருந்த உப்பைக் கழுவக் கழுவ, ஒரு நாள் அதிர்ந்தால் களிமண் கூழாக ஓடும். 2020 டிசம்பர் 30 அதிகாலை ஆஸ்லோவுக்கு வடக்கே யெர்ட்ரும்மில் வீடுகளே அதில் போயின. பத்துப் பேர் இறந்தார்கள்.

தாமிரபரணிக்கரை
இந்தப் பதிவை அம்மாவிடம் காட்டப் போவதில்லை.

வடகடலான்
காட்டாதீர்கள். அவருக்குச் சொல்ல நல்ல விஷயம் ஒன்று தருகிறேன். லொபோட்டன் தீவுகளில் கருவாடு போடுகிறார்கள், உப்பே இல்லாமல். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் முட்டையிட அங்கே வரும். தலையை எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரப் பரண்களில் தொங்கவிடுவார்கள். அந்த மாதங்களில் அங்கே பூஜ்யத்தைச் சுற்றித்தான் வெப்பநிலை. இன்னும் குளிர்ந்தால் மீன் உறைந்து சதை கெட்டுவிடும், இன்னும் சூடானால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். நடுவில் அந்த ஒரு மயிரிழையில் காற்று மட்டுமே வேலையை முடித்துவிடும். இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் போகிறது. காற்றழுத்தம் தம்பி சொன்ன பானைச் சூடு இல்லாவிட்டால் இந்தத் தொழிலே கிடையாது. முதல் முறை அந்தப் பரண்களுக்கு அடியில் நின்றபோது எனக்கு ஊர்க் கடற்கரை மணம். வெயில் மட்டும்தான் இல்லை.

தாமிரபரணிக்கரை
அம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. "உப்பில்லாம கருவாடா" என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். இப்போது கேள்வி மாறிவிட்டது: வெயிலே இல்லாத ஊரில் பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிடாதா?

வடகடலான்
வைட்டமின் டி குறையும், அது உண்மை. அதற்கு இங்கே திரான் என்ற காட் மீனெண்ணெய் ஒரு கரண்டி. பெயரில் 'ர்' வரும் மாதங்களில் எல்லாம் குடிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. தூக்கம் குழம்பும், முதல் வருஷம் கொஞ்சம் மனச்சோர்வும் வரலாம். மத்தியான நீல வெளிச்சத்தில் ஒரு நடை வெளியே போய்வரச் சொல்லுங்கள். டிசம்பர்ப் பௌர்ணமி நிலவு அங்கே பெரும்பாலும் மறையாமல் நாள் முழுக்க வட்டமடிக்கும், கீழே பனி. அந்த வெளிச்சத்தில் தூரத்து மலை வரைக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை
ஒன்று கவனித்தீர்களா? டிரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்குத் திரும்புவது ஜனவரி 15 வாக்கில். தைப்பொங்கல்.

மழைக்கோட்டு
அடிவானத்துக்குத்தான். ஊரைச் சுற்றி மலை, அதனால் கண்ணுக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆகும். ஊரில் ஜனவரி 21ஐத்தான் சூரிய நாள் என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் மலையைப் பார்த்து நிற்பார்கள், அன்றைக்கு ஜாம் வைத்த உருண்டை பன் சாப்பிடுவார்கள், சூரியப் பன் என்று பெயர். மேகம் மூடினால் பன் மட்டும்.

தாமிரபரணிக்கரை
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "அப்ப பொங்கலை இருபத்தொண்ணாம் தேதி வைக்கச் சொல்லு, சூரியனைப் பாக்காம எப்படிப் படைக்கிறது" என்றார். பித்தளைப் பானையை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள்?